மண்புழுவுக்குப் பெருமை தேடித் தந்த டார்வின்

மழை பெய்து ஓய்ந்த காலை நேரம். திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது ஆர்.கே.பேட்டை. ராமகிருஷ்ணராஜு பேட்டை என்ற பெயர்தான் சுருங்கி ஆர்.கே.பேட்டை ஆயிற்று. தெருவுக்குள் போனால் தறிச் சத்தம். ஊரைத் தாண்டினால் நெல், கரும்பு, வேர்க்கடலை. இடையிடையே மாந்தோப்புகள்.

அந்தப் பக்கத்து வரப்பு ஒன்றில் குனிந்து பாருங்கள். முறுக்குப் பிழிந்து வைத்தது போலச் சின்னஞ்சிறு மண் சுருள்கள் கிடக்கும். நேற்று மாலை அவை அங்கே இல்லை. இரவோடு இரவாக யாரோ அடி மண்ணை மேலே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள்.

வேலையைச் செய்தது மண்புழு. பழைய தமிழில் அதற்கு நாங்கூழ் என்று பெயர். எல்லைப்புறத்து ஊர் அல்லவா? அங்கே தெலுங்கு பேசும் குடும்பங்களில் வானபாமு என்பார்கள். மழைப் பாம்பு என்று அர்த்தம். பையன்களுக்கு அது தூண்டில் இரை. கோழிக்குத் தீனி. மற்றவர்கள் அருவருத்து ஒதுங்கிப் போவார்கள்.

இந்த அற்பப் புழுவை ஒரு மனிதர் நாற்பத்து நான்கு வருஷம் மறக்காமல் மனத்தில் வைத்திருந்தார். அவர் சாமானியர் அல்ல. உயிரினங்கள் எல்லாம் படிப்படியாக மாறி வந்தவை என்று எழுதி உலகத்தையே கலக்கியவர். சார்லஸ் டார்வின் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் கடைசியாக எழுதிய புத்தகம் மண்புழுவைப் பற்றியது என்பதுதான் பலருக்குத் தெரியாது.

உப்புத் தண்ணீர்

டார்வின் 1809-ம் ஆண்டு பிப்ரவரி 12-ம் தேதி, இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ராபர்ட் பேர்பெற்ற டாக்டர். வீட்டில் காசுக்குக் குறைவில்லை. ஆனால் பையனுக்கு எட்டு வயதாகும்போது தாயார் காலமாகிவிட்டார்.

படிப்பில் சுமார்தான். வண்டு பிடிப்பது, கல் பொறுக்குவது, மீன் பிடிப்பது இவற்றில் ஆசை அதிகம். தூண்டிலோடு ஆற்றங்கரையில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் எழுந்திருக்க மாட்டார்.

தூண்டிலுக்கு இரை மண்புழு. நெளியும் புழுவை உயிரோடு முள்ளில் குத்த வேண்டும். தாய்மாமன் வீடு மேர் என்ற கிராமத்தில் இருந்தது. அங்கே போயிருந்தபோது, உப்புத் தண்ணீரில் போட்டால் புழு செத்துவிடும் என்று பையனுக்கு யாரோ சொன்னார்கள். அன்று முதல் உயிருள்ள புழுவை அவன் முள்ளில் குத்தியதே இல்லை. செத்த புழுவுக்கு மீன் அவ்வளவாகச் சிக்காது. சிக்காவிட்டால் போகிறது என்று விட்டுவிட்டான்.

வளர்ந்ததும் தகப்பனார் அவரை எடின்பரோவுக்கு டாக்டர் படிப்புக்கு அனுப்பினார். மயக்க மருந்து வராத காலம் அது. ஒரு குழந்தைக்கு நடந்த ஆபரேஷனைப் பார்க்கப் பொறுக்காமல் டார்வின் பாதியில் வெளியே ஓடி வந்துவிட்டார். பாதிரியாராகவாவது ஆகட்டும் என்று கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் சேர்த்தார்கள். அங்கேயும் வண்டு வேட்டைதான்.

1831-ல் பீகிள் என்ற கப்பலில் உலகம் சுற்றிவர அழைப்பு வந்தது. தகப்பனார் கூடவே கூடாது என்றார். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் குறுக்கே வந்தார். மருமகனுக்காகப் பரிந்து பேசி, மைத்துனரைச் சம்மதிக்க வைத்தார். அந்த மாமா இல்லாவிட்டால் டார்வின் ஏதோ ஒரு கிராமத்துப் பாதிரியாராக இருந்து மறைந்திருப்பார்.

மாமா காட்டிய நிலம்

ஐந்து வருஷம் கழித்து, 1836 அக்டோபரில் கப்பல் திரும்பியது. தென் அமெரிக்கக் காடுகள், பூகம்பம், கடல் நடுவே தீவுகள் என்று சொல்வதற்கு எத்தனையோ கதைகள் இருந்தன. அவர் மேர் கிராமத்துக்குப் போனபோது மாமா அவரைத் தம் மேய்ச்சல் நிலத்துக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அங்கே சில வருஷங்களுக்கு முன் சுண்ணாம்பும் அடுப்புக் கரிக் கட்டிகளும் தூவியிருந்தார்கள். இப்போது மேலே ஒன்றையும் காணோம். எங்கும் பச்சைப் புல். தோண்டினால், சில அங்குலம் கீழே அத்தனையும் கோடு கிழித்த மாதிரி ஒரே படிவமாகக் கிடந்தன. 1827-ல் சுண்ணாம்பு போட்ட ஒரு நிலத்தில், பத்து வருஷத்தில் அது சுமார் மூன்று அங்குலம் இறங்கியிருந்தது.

யாரும் புதைக்கவில்லை. ஏர் ஓட்டவும் இல்லை. அடி மண்ணை விழுங்கி விழுங்கி மண்புழு மேலே கொண்டுவந்து கக்குகிறது, அதனால் மேலே இருந்தது கீழே போய்விட்டது என்று மாமா கருதினார். ஒரு குடியானவனுக்குத் தோன்றக்கூடிய யோசனைதான். மருமகன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

1837 நவம்பர் 1-ம் தேதி, லண்டன் பூகர்ப்ப சாஸ்திர சங்கத்தில் டார்வின் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். வயது இருபத்தெட்டு. மலைகளையும் எரிமலைகளையும் பற்றிப் பேசுகிற சபையில் புழுவைப் பற்றிப் பேச்சு!

1839-ல் மாமாவின் மகள் எம்மாவை மணந்தார். நம் ஊர் வழக்கப்படி சொன்னால் முறைப்பெண். 1842-ல் லண்டனை விட்டு டௌன் என்ற கிராமத்தில் குடியேறினார்கள். அந்த டிசம்பரிலேயே, வீட்டுக்கு அருகில் இருந்த மேய்ச்சல் நிலத்தின் ஒரு பகுதியில் சீமைச் சுண்ணாம்புக் கட்டிகளை உடைத்துப் பரப்பச் செய்தார். எவ்வளவு ஆழம் போகிறது என்று பிற்காலத்தில் பார்ப்பதற்காக.

அப்புறம் காத்திருந்தார். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல. இருபத்தொன்பது வருஷம்!

அந்த வருஷங்களில் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஓயாத வயிற்று நோய். பத்துக் குழந்தைகளில் மூன்று சிறு வயதிலேயே இறந்தன. 1851-ல் பத்து வயது மகள் ஆனி போனபோது அவர் உடைந்து போனார். 1859-ல் உயிரினங்களின் தோற்றம் பற்றிய பெரும் புத்தகம் வெளிவந்தது. அதற்கு எழுந்த எதிர்ப்பும் ஏளனமும் உலகம் அறிந்த கதை.

புழு விஷயத்திலும் அவரைச் சும்மா விடவில்லை. 1869-ல் தோட்டக்கலைப் பத்திரிகை ஒன்றில் ஃபிஷ் என்பவர் மறுத்து எழுதினார். இத்தனை சிறிய, பலவீனமான பிராணி அவ்வளவு பெரிய வேலையைச் செய்ய முடியாது என்பது அவர் வாதம். மீனின் பெயர் கொண்டவர் புழுவைக் குறைத்துப் பேசியது வேடிக்கைதான்! டார்வினுக்கு மட்டும் அது வேடிக்கையாகப் படவில்லை. சிறிய காரியம் திரும்பத் திரும்ப நடந்தால் எவ்வளவு ஆகும் என்று மனிதர்கள் கூட்டிப் பார்ப்பதில்லை என்று அவர் வருந்தினார். அவருடைய பெரும் புத்தகத்தை எதிர்த்தவர்களிடமும் அவர் கண்ட குறை இதுவே.

1871 நவம்பரில் அந்த மேய்ச்சல் நிலத்தில் பள்ளம் வெட்டினார்கள். வெள்ளைக் கோடு ஏழு அங்குல ஆழத்தில் தெரிந்தது. புழு வென்றுவிட்டது.

பக்கத்தில் இன்னொரு நிலம் இருந்தது. 1841-ல் கடைசியாக உழுத பிறகு புல்லுக்கு விட்டுவிட்டார்கள். அது ஒரே கல்லாங்காடு. பிள்ளைகள் சரிவில் ஓடினால் கற்கள் கலகலவென்று உருளும். தம் ஆயுளுக்குள் அந்தக் கற்கள் மறையுமா என்று டார்வின் சந்தேகப்பட்டார். முப்பது வருஷம் கழித்து, அந்த நிலத்தில் குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடியது. லாடத்தில் ஒரு கல் தட்டவில்லை.

புழுவுக்குப் பியானோ

வயதான காலத்தில் டார்வின் வீடே புழு வளர்க்கும் வீடாகிவிட்டது. மண் நிரப்பிய பூந்தொட்டிகளில் புழுக்களை விட்டு, படிக்கும் அறையில் வைத்துக்கொண்டார். இராத்திரி வேளையில் விளக்கை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் போய்ப் பார்ப்பார். சிவப்புக் கண்ணாடி, நீலக் கண்ணாடி வழியாக வெளிச்சம் காட்டிப் பார்ப்பார். புழுவுக்குக் கண் இல்லை. ஆனாலும் பலமான வெளிச்சம் பட்டால் வளைக்குள் ஓடிவிடும்.

காது உண்டா? அதையும் பார்த்துவிட்டார்கள். உலோக ஊதல் ஊதினார்கள். மகன் பிரான்சிஸ் பஸூன் என்ற பெரிய குழலை எடுத்து உரக்க ஊதினார். நம் நாகஸ்வரத்தைப் புழுவின் முன்னால் ஊதுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புழுக்கள் அசையவில்லை. பக்கத்திலேயே பியானோ வாசித்தார்கள். அதற்கும் அசையவில்லை. பிறகு தொட்டிகளைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு கட்டையை அழுத்தினார்கள். அவ்வளவுதான்! புழுக்கள் மின்னல் வேகத்தில் வளைக்குள் மறைந்தன. ஓசை கேட்காது, அதிர்ச்சி தெரியும் என்று முடிவாயிற்று. நடந்துவரும் கோழியையும் பறவையையும் அது உணர்வது இப்படித்தான் போலும்.

தின்பண்டத்தில் புழுவுக்கு ருசி பேதம் உண்டு. முட்டைக்கோஸ் பிடிக்கும். காரட் இன்னும் பிடிக்கும். மண்ணுக்குள் புதைத்து வைத்த வெங்காயத் துண்டையும் தேடிப் பிடித்துத் தின்றுவிட்டது.

புழுவுக்குப் புத்தி உண்டா என்பதுதான் அவரை ரொம்பவும் வாட்டிய கேள்வி. இலையை இழுத்து வளை வாயை அடைத்துக்கொள்வது அதன் வழக்கம். அகலமான பக்கமாக இழுத்தால் இலை வாயில் சிக்கிக்கொள்ளும். கூரான பக்கமாக இழுத்தால் சுலபமாக நுழையும். டார்வின் காகிதத்தை முக்கோணமாக வெட்டினார். பனியில் ஊறிப் போகாதிருக்கக் கொழுப்புத் தடவினார். 303 முக்கோணங்களைத் தோட்டத்தில் போட்டுவிட்டு ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தார். நூற்றுக்கு அறுபத்திரண்டு கூர் முனையால் இழுக்கப்பட்டிருந்தன. குருட்டாம்போக்கில் இழுத்தால் இந்தக் கணக்கு வராது. புழுவுக்கும் ஏதோ ஒரு துளி அறிவு இருக்கிறது என்று அவர் நம்பினார்.

உலகப் புகழ் பெற்ற எழுபது வயதுக் கிழவர், காகித முக்கோணங்களைத் தரையில் பரப்பிவிட்டு, மறுநாள் எண்ணிக்கொண்டிருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள்!

1877 ஜூன் மாதம், ஸ்டோன்ஹெஞ்ச் என்ற இடத்தில் நிற்கும் ஆதிகாலக் கல்தூண்களைப் பார்க்கக் கிளம்பினார். இரண்டு மணி நேரம் ரயில். அப்புறம் வண்டியில் 24 மைல். இது இவரைப் பாதி கொன்றுவிடும் என்று எம்மா பயந்தார். டார்வினோ சந்தோஷமாகப் போய், விழுந்து கிடந்த பெரும் பாறைகளின் ஓரத்தில் மண் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளந்துகொண்டு வந்தார். தம் தோட்டத்திலும் திரிகை போல நடுவில் துளையிட்ட வட்டக் கல் ஒன்றைப் போட்டு வைத்தார். மகன் ஹோரஸ் அதற்கு அளவுகோல் செய்து கொடுத்தார். அந்தக் கல் வருஷத்துக்குச் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வீதம் இறங்கியது.

ஏக்கருக்கு எத்தனை டன்?

டார்வினுக்குத் தெரிந்த ஒரு பெண்மணி பெரிய உதவி செய்தார். நிலத்தில் ஒரு சதுர கஜம் அளந்துகொண்டு, அதில் புழு கக்கிய மண் சுருள்களை வருஷம் முழுவதும் பொறுக்கிச் சேர்த்தார். இப்படி இரண்டு இடம். காயவைத்து நிறுத்துப் பார்த்தார்கள். ஏக்கர் கணக்குக்குக் கொண்டுவந்தால் ஓரிடத்தில் ஏழரை டன். இன்னோரிடத்தில் பதினாறு டன். வேறு இடங்களில் பதினாலரை டன்னும், பதினெட்டு டன்னும் வந்தன. இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஏக்கருக்கு வருஷத்துக்குப் பத்து டன்னுக்கு மேல் மண் புழுவின் வயிற்றுக்குள் புகுந்து வெளியே வருகிறது என்று டார்வின் மதிப்பிட்டார். பத்து டன் என்றால் இரண்டு லாரி லோடு மண்!

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது? கோழிக்கு இருப்பது போலப் புழுவுக்கும் அரைக்கும் பை இருக்கிறது. விழுங்கிய பொடிக் கற்களே திரிகையாகி, மண்ணையும் இலைச் சருகையும் அரைக்கின்றன. வெளியே வருவது மாவு போன்ற வளமான மண். புழு போன வழியெல்லாம் குழாய் வைத்தது போல வளை. அதன் வழியாக மழைத் தண்ணீர் இறங்கும், காற்றும் போகும், வேரும் ஓடும்.

எல்லா நிலத்திலும் புழு ஒரே அளவில் இருக்கிறதா? இல்லை. ஜெர்மன் விஞ்ஞானி விக்டர் ஹென்சன், தோட்ட மண்ணில் ஏக்கருக்கு 53,767 புழுக்கள் என்று கணக்கிட்டார். தானியம் விளையும் உழவு நிலத்தில் அதில் பாதிதான் இருக்கும் என்பது அவர் கருத்து. டார்வின் அந்தக் கணக்கைத் தம் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டார்.

பல தேசங்களிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. கல்கத்தா தாவரத் தோட்டத்தின் அதிகாரி டாக்டர் கிங், அங்கே புழுக்கள் கோபுரம் போலக் கட்டும் மண் சுருள்களை அனுப்பினார். நம் நீலகிரியின் உச்சியிலிருந்தும் சுருள்கள் போயின. அவற்றில் பெரியது ஒன்று காய்ந்த பிறகும் நூறு கிராமுக்கு மேல் இருந்தது. அந்தப் புழு ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளமும் சுண்டுவிரல் பருமனும் கொண்டது என்று தெரிந்து டார்வின் வியந்தார். ஊட்டிப் பக்கத்து மண் இங்கிலாந்துப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான்.

பிரேசில் தேசத்திலிருந்து எழுதியவர் ஃபிரிட்ஸ் முல்லர் என்ற நண்பர். அவர் 1857-லேயே அங்கத்துப் புழு ஒன்றை விவரித்துப் பெயர் சூட்டியிருந்தார். பாண்டோஸ்கோலெக்ஸ் என்று இப்போது அதற்குப் பெயர். அந்தப் புழு செடி வேரோடும் மண்ணோடும் கப்பல் ஏறி உலகமெல்லாம் பரவிவிட்டது. இன்று தென்னிந்தியாவின் ரப்பர், காப்பி, தேயிலைத் தோட்டங்கள் பலவற்றில் மண்ணைத் தோண்டினால் அதிகமாக அகப்படுவது இந்தப் பிரேசில் புழுதான். காட்டை வெட்டித் தோட்டம் போட்டதும், காட்டுக்கே உரிய நம் நாட்டுப் புழுக்களில் பல ஒதுங்கிவிட்டன. வந்த விருந்தாளி வீட்டைப் பிடித்துக்கொண்டது.

விருந்தாளியால் நன்மையா, தீமையா? டார்வின் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. அமேசான் பிரதேசத்தில் காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடத்தில், இதே புழு மட்டும் பெருகி மண்ணை இறுக்கிவிட்டது என்று 1999-ல் விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள். நம் ஆனைமலையில் வேறு மாதிரி நடந்தது. பல பத்து வருஷமாகத் தேயிலை பயிரிட்டு மண் களைத்துப் போன தோட்டங்களில், 1990-களில் பிரெஞ்சு விஞ்ஞானி பாட்ரிக் லவேலும், ஒரிசாவின் சம்பல்பூர் சர்வகலாசாலையைச் சேர்ந்த பிக்ரம் சேனாபதியும் ஒரு முறையைச் செய்து பார்த்தார்கள். செடி வரிசைகளுக்கு நடுவே பள்ளம் வெட்டி, கவாத்து செய்த தழையையும் எருவையும் போட்டு, மண்புழுக்களை விட்டு மூடினார்கள். தேயிலை விளைச்சல் நன்றாகக் கூடியது. புழுவுக்கு என்ன சாப்பாடு கிடைக்கிறது, மண்ணை யார் எப்படி வைத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் வேலை அமைகிறது.

ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நிலங்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மாமரத்து நிழலில் சருகு மூடிக் கிடக்கும் ஈர மண்ணில் புழு தங்கும். டிராக்டரால் திரும்பத் திரும்பப் புரட்டி, வெயிலில் காயவிட்ட கடலைக் கொல்லையில் தங்காது. கரும்பு வெட்டியதும் சோகையைக் கொளுத்தினால், புழுவின் ஒரு வருஷச் சாப்பாடு ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிவிடும். அதே சோகையை வரிசைக்கு நடுவே பரப்பி வைத்தால், அடுத்த மழைக்கு அதனடியில் மண் சுருள்கள் தென்படும்.

கடைசி ஆசை

மண்ணுக்குப் போகும் முன் புழுப் புத்தகத்தை முடித்துவிட வேண்டும் என்று டார்வினுக்கு அவசரம். உடம்பு தளர்ந்துவிட்டது. 1881 ஆகஸ்டில் அண்ணன் எராஸ்மஸ் இறந்தார். டௌன் கிராமத்துக் கல்லறையில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த அக்டோபரில் புத்தகம் வெளிவந்தது. யார் வாங்கப் போகிறார்கள் என்று ஆசிரியரே நினைத்திருந்தார். ஒரு வருஷத்துக்குள் ஆறாயிரம் பிரதிகள் விற்றன! பஞ்ச் என்ற நையாண்டிப் பத்திரிகை டார்வினையும் புழுவையும் சேர்த்துக் கேலிச் சித்திரம் போட்டது. புழுக்களைப் பற்றிக் கேள்வி கேட்டும், தாங்கள் பார்த்ததைச் சொல்லியும் ஜனங்கள் கடிதமாக எழுதிக் குவித்தார்கள்.

பத்து வருஷம் கழித்து, 1891-ல், திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். அதில் நடராசன் என்ற பாத்திரம் வயலில் நாங்கூழ்ப் புழுவைக் கண்டு, அதன் ஓயாத உழைப்பைப் போற்றுகிறது. உழவனின் தோழனாக அந்தப் புழு தமிழ்க் கவிதையிலும் இடம் பெற்றுவிட்டது.

புத்தகம் வந்து ஆறு மாதத்தில், 1882 ஏப்ரல் 19-ம் தேதி டார்வின் காலமானார். வயது எழுபத்து மூன்று. அண்ணனையும் குழந்தைகளையும் அடக்கம் செய்த டௌன் கிராமத்து மண்ணிலேயே தாமும் கிடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். கிராமத்துத் தச்சர் மெருகு போடாத சாதாரண மரப் பெட்டி ஒன்று செய்து வைத்தார். ஆனால் தேசத்துப் பெரியவர்கள் விடவில்லை. அரசர்களையும் கவிஞர்களையும் அடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் மாதா கோயிலில் இடம் கொடுத்தார்கள். தச்சரின் பெட்டி வேண்டாம் என்றாகி, பளபளப்பான வேறு பெட்டி வந்தது. ஏப்ரல் 26-ம் தேதி, கல் பாவிய தரைக்கு அடியில் டார்வினை அடக்கம் செய்தார்கள்.

எம்மா இன்னும் பதினாலு வருஷம் இருந்தார். 1896-ல் அவர் இறந்தபோது டௌன் கிராமத்து மண்ணில்தான் அடக்கம் செய்தார்கள்.